அணில் குரங்கின் எச்சிலில் இருந்த புற்றுநோய்

1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சவுத்பரோ என்ற சிற்றூரில் இருந்த நியூ இங்கிலாந்து குரங்கின ஆய்வு மையத்தில், அணில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடுவைகளில் யாரும் எந்தக் கிருமியையும் இடவில்லை. இருந்தும், அடியில் மெல்லிய படலமாகப் பரவி ஒட்டியிருந்த செல்கள் தாமாகவே உருண்டு திரண்டு, ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு உதிரத் தொடங்கின. செல் வளர்ப்பில் பழகியவர்களுக்கு இது என்னவென்று பார்த்தவுடன் தெரியும். உள்ளே ஏதோ ஒரு வைரஸ் முன்பே குடியிருந்திருக்கிறது.

லூயிஸ் மெலெண்டஸ், முத்தையா டேனியல், ரொனால்ட் ஹன்ட் ஆகியோர் அடங்கிய குழு அதிலிருந்து ஒரு ஹெர்பிஸ் வைரஸைப் பிரித்தெடுத்தது. அணில் குரங்கின் விலங்கியல் பெயரை ஒட்டி அதற்கு ஹெர்பிஸ்வைரஸ் சைமிரி என்று பெயர் வைத்தார்கள். அணில் குரங்கை அது ஒன்றும் செய்வதில்லை. குட்டி பிறக்கும்போது அதன் உடலில் இந்த வைரஸ் கிடையாது. முதல் ஓரிரு ஆண்டுகளில் கூட்டத்தாரின் எச்சில் வழியே தொற்றிக்கொள்கிறது, பிறகு ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. வளர்ந்த அணில் குரங்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உண்டு. அதனால் காய்ச்சலும் வருவதில்லை, கட்டியும் வருவதில்லை.

அடுத்த ஆண்டு அதே குழு அதே வைரஸை டாமரின் என்ற சிறு குரங்குகளுக்கும் ஆந்தைக் குரங்குகளுக்கும் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தது. அவை சில வாரங்களில் இறந்தன. உடலைத் திறந்து பார்த்தபோது கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, நிணநீர்க் கணுக்கள் புடைத்திருந்தன. சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி என்று எங்கே பார்த்தாலும், அங்கே இருக்க வேண்டிய திசுவை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரே மாதிரியான இளம் வெள்ளணுக்கள் அடைத்துக்கிடந்தன. நிணநீர்ப் புற்றுநோய் என்று நாம் சொல்லும் லிம்போமா அது. அதுவும் மிக வேகமான வகை.

வைரஸ் ஒன்றுதான். ஒரு குரங்குக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும் தீங்கற்ற சுமை, அதே கண்டத்தில் வாழும் இன்னொரு குரங்குக்குச் சில வாரங்களில் சாவு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையை ஓட்டிவந்த கேள்வி. புற்றுநோயை வைரஸுக்குள் மட்டும் தேடினால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் கருத்து. வைரஸும் அதைச் சுமக்கும் உயிரும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து எட்டிய ஒரு சமநிலை இருக்கிறது. அது எங்கே, எப்படிக் குலைகிறது என்று பார்த்தால்தான் விடை பிடிபடும். குரங்குகளில் நடந்த ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது அது குலையும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன.

ஹெர்பிஸ் குடும்பம் பெரியது. சின்னம்மையும், அது அடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத் தலைதூக்கும் அக்கியும் இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றின் வேலை. உடலுக்குள் ஒருமுறை புகுந்தால் முழுதாக வெளியேறாமல் ஏதாவது ஒரு வகைச் செல்லில் ஒளிந்துகொள்வது குடும்பம் முழுவதற்கும் பொதுவான குணம். புற்றுநோயோடு தொடர்புடையவை பெரும்பாலும் காமா என்ற பிரிவைச் சேர்ந்தவை. நோயெதிர்ப்புப் பணியைச் செய்யும் வெள்ளணுக்களுக்குள்ளேயே அவை ஒளிந்துகொள்கின்றன. மனிதரில் இப்படி இரண்டு உண்டு. ஒன்று, 1964-இல் ஆந்தனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகியோர் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில் கண்டுபிடித்த எப்ஸ்டீன்-பார் வைரஸ். மற்றொன்று, 1994-இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்த கபோசி சார்கோமா வைரஸ். வளர்ந்த மனிதரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறோம். இதைப் படிப்பவர் உடலிலும் அநேகமாக அது இருக்கும்.

1960-களின் இறுதியில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் மேல் சந்தேகம் மட்டுமே இருந்தது. கட்டியில் அது இருக்கிறது, சரி. ஆனால் கட்டியை உண்டாக்கியது அதுதானா, அல்லது கட்டி வந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா? மனிதருக்கு ஊசி போட்டுப் பார்க்க முடியாது. சைமிரி வைரஸ் அந்த இடத்தில்தான் முக்கியமானது. தூய்மையாகப் பிரித்தெடுத்த ஒரு ஹெர்பிஸ் வைரஸை ஒரு குரங்கினத்துக்குக் கொடுத்தால் புற்றுநோய் வருகிறது, அந்தப் புற்றுநோயிலிருந்து அதே வைரஸைத் திரும்ப எடுக்கவும் முடிகிறது. ஆனால் திரும்ப எடுப்பது எளிதாக இருக்கவில்லை. கட்டியை அரைத்து வடிகட்டினால் வைரஸ் துகள் கிடைப்பதில்லை. கட்டியின் செல்களை உயிரோடு எடுத்து ஆந்தைக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் மேல் போட்டு வளர்த்தால், சில நாட்களில் அந்தச் சிறுநீரகச் செல்கள் உதிர ஆரம்பிக்கும். கட்டிக்குள் வைரஸ் துகளாக இல்லை, வெறும் மரபணு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

1972-இல் இதே குழு மத்திய அமெரிக்கச் சிலந்திக் குரங்கிலிருந்து இன்னொரு வைரஸைப் பிரித்தது. அதன் பெயர் ஹெர்பிஸ்வைரஸ் அட்டெலிஸ். கதை அச்சு மாறாமல் அதேதான்: சிலந்திக் குரங்குக்கு ஒன்றுமில்லை, டாமரினுக்கு லிம்போமா. ஊசி போடாத ஆந்தைக் குரங்குகளிலும் சைமிரி வைரஸால் வந்த லிம்போமாவைப் பின்னர் கண்டார்கள். பல இனங்களை அருகருகே கூண்டுகளில் அடைத்து வைத்ததே அதற்கு வழி செய்திருக்க வேண்டும். இன்றும் உயிர்க்காட்சிச் சாலைகளில் அணில் குரங்கையும் சிலந்திக் குரங்கையும் டாமரினின் உறவான மார்மோசெட், ஆந்தைக் குரங்கு ஆகியவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த ஆய்வுகளில் பயன்பட்ட பஞ்சுத்தலை டாமரின் வாழ்வது வடமேற்குக் கொலம்பியாவின் ஒரு துண்டுக் காட்டில் மட்டும். அங்கே அணில் குரங்கு கிடையாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது மனிதக் கை. இந்த வைரஸின் கொடுமையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அடுத்து, வைரஸ் எதைக் கொண்டு செல்லைப் புற்றாக மாற்றுகிறது என்ற கேள்வி. இதில் ஜெர்மனியின் எர்லாங்கனில் பெர்ன்ஹார்ட் ஃப்ளெக்கன்ஸ்டீன் குழுவும், சவுத்பரோவில் ரொனால்ட் டெரோசியர்ஸ், ஜே ஜங் ஆகியோரின் குழுவும் செய்த வேலை மூலக்கூறு உயிரியலின் அழகான பக்கங்களில் ஒன்று. 1992-இல் சைமிரி வைரஸின் மரபணுத் தொகுதியின் நடுப்பகுதி முழுவதையும், அதாவது 1,12,930 எழுத்துகளையும், படித்து முடித்தார்கள். இருபுறமும் 1,444 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் எழுபதுக்கு மேற்பட்ட மரபணுக்கள். அவற்றில் கணிசமானவை பல உயிர்களிலும் காணப்படும் மரபணுக்களின் சாயல் கொண்டவை. செல் பிரிவதற்கான உத்தரவு தரும் சைக்ளின், வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சமிக்ஞைப் புரதம், செல் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்கும் புரதம் என்று தன்னைச் சுமக்கும் உயிரிடமிருந்தே எப்போதோ எடுத்துக்கொண்டவை.

அந்தச் சமிக்ஞைப் புரதத்தின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1993-இல் எலியின் டி செல்கள் என்ற வெள்ளணு வகையில் ஒரு புதிய மரபணுவைக் கண்டவர்கள், அதற்கு ஒப்பான ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடியபோது சைமிரி வைரஸின் 13-ஆம் மரபணுவில் போய் நின்றார்கள். 1995-இல் அந்தப் புரதத்துக்கு இன்டர்லூக்கின்-17 என்று பெயர் வந்தது. இன்று சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் போடப்படும் விலையுயர்ந்த ஊசிகளில் சில இதே புரதத்தைத் தடுப்பவை. குரங்கு வைரஸைப் படிப்பதால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் புற்றுநோய்க்கு நேரடிக் காரணம் இந்தக் கடன் வாங்கிய மரபணுக்கள் அல்ல. மரபணுத் தொகுதியின் இடது ஓரத்தில், வைரஸுக்கு வைரஸ் மிகவும் மாறுபடும் ஒரு சிறு பகுதி உண்டு. அதை வெட்டி எடுத்துவிட்டால் வைரஸ் வழக்கம்போலப் பெருகும், குரங்கின் உடலில் தங்கவும் செய்யும், ஆனால் லிம்போமா வராது. அந்தப் பகுதியை வைத்துத்தான் சைமிரி வைரஸை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஏ, சி பிரிவுகள் சாதாரண மார்மோசெட்டில் புற்றுநோய் உண்டாக்கும், பி உண்டாக்காது. சி பிரிவுதான் மிகக் கொடியது. அது ரீசஸ் குரங்குகளிலும் முயல்களிலும்கூட லிம்போமாவை உண்டாக்குகிறது.

சி பிரிவில் அந்த ஓரத்தில் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் புரதம் எஸ்டிபி. அது ராஸ் என்ற, மனிதப் புற்றுநோய்களில் அடிக்கடி கெட்டுப்போகும் வளர்ச்சிச் சுவிட்சைப் பிடித்துக்கொள்கிறது. மற்றொன்றின் புரதம் டிப். அது டி செல்லில் முக்கியமாகக் காணப்படும் எல்சிகே என்ற நொதியைப் பிடிக்கிறது. வெளியிலிருந்து ஒரு கிருமி வந்திருக்கிறது, பெருகு என்று டி செல்லுக்கு உத்தரவு வரும் வழியில் முதல் படியில் இருப்பது இந்த எல்சிகே. ஆக, வைரஸ் உட்கார்ந்திருப்பது செல்லுக்கு உத்தரவு போகும் வழியின் தலைவாசலில். எஸ்டிபி மரபணுவை மட்டும் சுண்டெலியில் நுழைத்தபோதே கட்டிகள் வந்தன. சிலந்திக் குரங்கின் அட்டெலிஸ் வைரஸில் இந்த இரண்டு வேலையையும் ஒரே புரதம் செய்கிறது. அதற்கு வைத்த பெயர் டியோ.

புரதங்களோடு இது முடியவில்லை. கட்டியாக மாறிய டி செல்லுக்குள் சைமிரி வைரஸ் மிக அதிகமாக உற்பத்தி செய்வது எந்தப் புரதத்தையும் அல்ல, ஏழு குட்டி ஆர்என்ஏ துணுக்குகளைத்தான். பல ஆண்டுகள் இவை எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்டைட்ஸ் குழு, அவற்றில் ஒன்று செல்லின் சொந்த நுண்-ஆர்என்ஏ ஒன்றைப் பிடித்து அழிக்கிறது என்று காட்டியது. அந்த நுண்-ஆர்என்ஏ டி செல்லின் கிளர்ச்சியை அடக்கி வைக்கும் கடிவாளங்களில் ஒன்று. டிப் முடுக்கிவிடுகிறது, குட்டி ஆர்என்ஏ கடிவாளத்தை அறுக்கிறது. சின்னஞ்சிறு வைரஸ் ஒன்று டி செல்லை இவ்வளவு நுணுக்கமாகப் படித்து வைத்திருக்கிறதே என்று எனக்கு வியப்பு தீரவில்லை.

1992-இல்தான் இந்தத் துறையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த இன்னொரு செய்தி வந்தது. சி பிரிவைச் சேர்ந்த சி488 என்ற வகையை எர்லாங்கன் குழு மனித டி செல்களில் புகுத்தியது. அந்தச் செல்கள் ஆய்வகத் தட்டில் சாகாமல் தொடர்ந்து பெருகின. சாதாரண டி செல்லை வளர்க்க வேண்டுமானால் அடிக்கடி தூண்ட வேண்டும். இவற்றுக்கு அது தேவைப்படவில்லை. டி செல்லுக்கு உரிய குணங்களையும் பெரும்பாலும் இழக்காமல் இருந்தன. மரபுவழி நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களின் டி செல்களை ஆராயவும், எச்ஐவி பற்றிய ஆய்வுக்கும் இவை பெரிதும் உதவின. அப்படியானால் இந்த வைரஸ் மனிதரைத் தாக்குமா? அணில் குரங்கால் கடிபட்டோ, ஆய்வகத்தில் கையாண்டோ யாருக்கும் புற்றுநோய் வந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் மனித டி செல்லை மாற்றும் வல்லமை அதற்கு இருக்கிறது என்று தட்டிலேயே தெரிந்துவிட்ட பிறகு, சி488-ஐக் கையாள்பவர்கள் பாதுகாப்பு விதிகளில் ஒரு துளியும் தளர்வு காட்டாமல் இருப்பதுதான் சரி.

இதுவரை சொன்னது எல்லாம் மத்திய, தென் அமெரிக்கக் குரங்குகளின் கதை. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளில் கதை வேறு விதமாகப் போகிறது. இங்கே முக்கியமானவை எப்ஸ்டீன்-பார் வைரஸின் நெருங்கிய உறவினர்கள். ரீசஸ் குரங்கு, பபூன், சிம்பன்சி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் வைரஸ் உண்டு. அவை ஒளிந்திருப்பது டி செல்லில் அல்ல, பி செல் என்ற மற்றொரு வெள்ளணு வகையில்.

இந்தப் பகுதியின் முதல் பெரிய அத்தியாயம் கருங்கடல் கரையில் நடந்தது. ஜார்ஜியாவின் சுகுமியில் 1927-இல் தொடங்கிய குரங்கு ஆய்வு மையம் சோவியத் நாட்டின் பெருமைகளில் ஒன்று. 1960-களின் பிற்பகுதியில் போரிஸ் லாபின் தலைமையில் அங்கே ஹமாட்ரியாஸ் பபூன்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்த மனிதர்களின் இரத்தத்தைச் செலுத்தினார்கள். பபூன்களில் லிம்போமா வரத் தொடங்கியது. மனித இரத்தப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம் என்று நிரூபித்தாகிவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் ஊசியே போடாத, அதே மந்தையில் வாழ்ந்த பபூன்களுக்கும் நோய் பரவியது. பபூனுக்கே உரிய எப்ஸ்டீன்-பார் வகை வைரஸ் ஒன்றை 1970-களின் பிற்பகுதியில் இந்த விலங்குகளிலிருந்து பிரித்தபோது, பழி அதன் மேல் விழுந்தது.

பிறகு வந்த ஆய்வு அந்த முடிவையும் மாற்றியது. நோயுற்ற பபூன்களில் எஸ்டிஎல்வி-1 என்ற ரெட்ரோ வைரஸ் இருந்தது. அதன் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அது பபூனுக்கு உரிய வகையே இல்லை, ரீசஸ் குரங்கிடமிருந்து வந்த வகை. ஆக, ஒரு இனத்தின் வைரஸ் இன்னொரு இனத்துக்குள் தாவியது என்ற பழைய கதையே வேறு வைரஸின் வடிவில் சுகுமியிலும் நடந்திருக்கிறது. மனித இரத்தத்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. பபூனின் ஹெர்பிஸ் வைரஸ் இதில் துணைக் குற்றவாளியாக இருந்திருக்கலாம், முதல் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. எல்லோரிடமும் இருக்கும் ஒரு வைரஸைக் கட்டியில் கண்டவுடன் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்குச் சுகுமியை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1992-இல் சுகுமி அடங்கிய அப்காசியாவில் மூண்ட போரில் அந்த மையம் சிதைந்தது. ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் ரஷ்யாவின் அட்லருக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஆசியக் குரங்குகளில் சமநிலை குலையும் வழி இனம் தாவுவது அல்ல, காவல் தளர்வது. ரீசஸ் குரங்குக் குட்டிகள் தம் எப்ஸ்டீன்-பார் வகை வைரஸைச் சிறு வயதிலேயே பெற்றுவிடுகின்றன. மனிதக் குழந்தைகளில் நடப்பது போலவே எச்சில் வழியாக வருகிறது, அறிகுறி எதுவும் இல்லாமல் அடங்குகிறது. எச்ஐவிக்கு ஒப்பான எஸ்ஐவி தொற்றி அந்தக் குரங்கின் நோயெதிர்ப்பு சரியும்போது, பி செல் லிம்போமா எழுகிறது. உறுப்பு மாற்று ஆய்வுகளில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்த நண்டுதின்னிக் குரங்குகளிலும் இதே நடந்தது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்ட மனிதரிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸால் இதே லிம்போமா வருவதுண்டு, எய்ட்ஸ் நோயாளிகளிலும் அப்படியே. குரங்கின் உடலில் நடப்பதையும் மனித உடலில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு காண்பது கடினம்.

இன்னொரு கிளை சியாட்டில் நகரில் முளைத்தது. அங்கே வாஷிங்டன் குரங்கின மையத்தில் 1970-களிலிருந்து பன்றிவால் குரங்குகளில் வயிற்றின் பின்சுவரையொட்டி நார்த் திசு கட்டுக்கடங்காமல் வளரும் ஒரு விசித்திர நோயைப் பார்த்துவந்தார்கள். ஒரு ரெட்ரோ வைரஸ் அந்தக் குரங்குகளின் நோயெதிர்ப்பைக் கெடுத்திருந்தது தெரிந்திருந்தது. ஆனால் கட்டி வளர வேறொன்றும் வேண்டியிருந்தது. 1997-இல் டிமோதி ரோஸ் குழு அந்தக் கட்டிகளில் ஒரு புதிய ஹெர்பிஸ் வைரஸின் சுவட்டைக் கண்டது. மனிதரின் கபோசி சார்கோமா வைரஸுக்கு மிக நெருங்கியது. எய்ட்ஸ் வந்தவர்களில் கபோசி சார்கோமா வரும் முறைக்கு இது அப்படியே பொருந்துகிறது: முதலில் ரெட்ரோ வைரஸ் காவலைக் குலைக்கிறது, பிறகு ஒளிந்திருந்த ஹெர்பிஸ் எழுகிறது. ஓரிகானில் ஸ்காட் வாங் குழு ரீசஸ் குரங்குகளில் இதன் இன்னொரு உறவினரை ஆராய்ந்து, எஸ்ஐவியோடு சேரும்போது பி செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதை 1999-இல் காட்டியது.

சைமிரி வைரஸ் இங்கே மீண்டும் வருகிறது. 1994-இல் சாங்கும் மூரும் கபோசி கட்டியிலிருந்து பிடித்தது முழு வைரஸை அல்ல, இரண்டு சிறு டிஎன்ஏ துண்டுகளை மட்டுமே. அவை எந்தக் கிருமிக்கு உரியவை என்று தேடியபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸின் மரபணுக்களையும் சைமிரி வைரஸின் மரபணுக்களையும் அவை ஒத்திருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சைமிரியின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டிருந்தது அந்த அடையாளத்துக்கு எவ்வளவு கைகொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எய்ட்ஸ் காலத்தின் மிகப் பெரிய புதிர்களில் ஒன்று அமேசான் காட்டுக் குரங்கின் வைரஸைத் துணைகொண்டு அவிழ்ந்தது.

இனம் தாவினால் புற்றுநோய், அல்லது நோயெதிர்ப்பு தளர்ந்தால் புற்றுநோய் என்று இரண்டே வழிகளில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்று தோன்றும். 2001-இல் விஸ்கான்சினிலிருந்து வந்த செய்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே வளர்க்கப்பட்ட சாதாரண மார்மோசெட்டுகள் சிலவற்றுக்குத் தாமாகவே பி செல் லிம்போமா வந்தது. யாரும் வைரஸ் கொடுக்கவில்லை, நோயெதிர்ப்பை அடக்கவும் இல்லை. கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் உறவினர் ஒன்று இருந்தது, அதுவும் மார்மோசெட்டுக்கே உரியது. தென்னமெரிக்கக் குரங்குகளில் இந்த வகை வைரஸே கிடையாது என்ற அதுவரையிலான நம்பிக்கையும் அதோடு போயிற்று. சொந்த உயிரிலும் சொந்த வைரஸ் சில சமயம் புற்றுநோயாக முடிகிறது. மனிதரிலும் அப்படித்தான். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பர்கிட் லிம்போமாவுக்கு மலேரியா துணை நிற்கிறது. தென்சீனாவில் மிகுதியாகக் காணப்படும் மூக்கின் பின்புறப் புற்றுநோய்க்கு மரபும் உணவும் துணை நிற்கின்றன. சமநிலை குலைய இனம் தாவவும் வேண்டியதில்லை, எய்ட்ஸும் வர வேண்டியதில்லை. வேறு சிறிய தள்ளல்களும் போதும்.

டாமரின் ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறது என்பதற்கு ஒரு பகுதி விடை அதன் நோயெதிர்ப்பு மரபணுக்களில் இருக்கிறது. எந்தச் செல்லில் வைரஸ் இருக்கிறது என்று டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் மனிதரில் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். பஞ்சுத்தலை டாமரின்களில் அந்த வேறுபாடு மிகமிகக் குறைவு என்று 1980-களின் இறுதியில் தெரியவந்தது. இந்தப் பலவீனமே அதை ஆய்வகத்தின் விருப்பமான விலங்காக்கியது. 1973-இல் எப்ஸ்டீன்-பார் வைரஸை இந்த டாமரினுக்குக் கொடுத்து லிம்போமா உண்டாக்கினார்கள். அந்த வைரஸின் மரபணுத் தொகுதியை 1984-இல் முதன்முறையாக முழுதாகப் படிக்க உதவிய செல் வரிசையும் பஞ்சுத்தலை டாமரினின் வெள்ளணுக்களிலிருந்து வந்ததுதான்.

இதற்குக் கொடுத்த விலையைச் சொல்லியாக வேண்டும். வெண்முடி சிலிர்த்து நிற்கும், அரைக் கிலோ எடைகூட வராத இந்தக் குரங்கை 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெருங்குடல் நோய் ஆய்வுக்கும் வைரஸ் ஆய்வுக்குமாகப் போனவை இவை. 1974-இல் கொலம்பியா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. காடும் அழிந்து, இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் குரங்கினங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவும் 1978-இல் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. அமெரிக்க ஆய்வு மையங்களில் இன்று இருக்கும் ரீசஸ் மந்தைகளில் பல, அதற்கு முன் இந்தியாவிலிருந்து போனவற்றின் வாரிசுகள். இந்த ஆய்வுகளால் பயன்பெற்ற நாம் பஞ்சுத்தலை டாமரினுக்குக் கடன்பட்டிருக்கிறோம். கொலம்பியாவில் அதன் காட்டைக் காக்கும் செலவில் ஒரு பங்கை மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் அமைப்புகள் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த டாமரின்கள் உயிர் கொடுத்துக் காட்டிய ஒன்றை நாம் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வருத்தம் தரும் விஷயம். 1974-இல் ரெய்னர் லாஃப்ஸ், கொல்லப்பட்ட சைமிரி வைரஸைத் தடுப்பூசியாகக் கொடுத்து மார்மோசெட் இனக் குரங்குகளைக் காக்க முடியும் என்று காட்டினார். 1985-இல் எப்ஸ்டீன் குழு, எப்ஸ்டீன்-பார் வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் ஊசியாகப் போட்டு டாமரின்களை லிம்போமாவிலிருந்து காத்தது. வைரஸால் வரும் புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்று குரங்கினத்தில் நேரடியாகக் காட்டியாகிவிட்டது. மனிதருக்கு அந்தப் புரதத்தின் தடுப்பூசியை 181 இளைஞர்களிடம் சோதித்த முடிவு 2007-இல் வெளியானது. இந்த வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலை அது 78 விழுக்காடு குறைத்தது, ஆனால் வைரஸ் தொற்றுவதைத் தடுக்கவில்லை. எப்ஸ்டீன் 2024 பிப்ரவரியில் தம் 102-ஆம் வயதில் காலமானார். தம் பெயர் தாங்கிய வைரஸுக்கு உரிமம் பெற்ற ஒரு தடுப்பூசியை அவர் பார்க்கவில்லை.

இப்போது பாதை மாறியிருக்கிறது. மனித வைரஸை டாமரினுக்குக் கொடுத்துச் சாகடிப்பதை விட, ரீசஸ் குரங்குக்கு அதன் சொந்த வைரஸை வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பது மனிதரில் நடப்பதற்கு மிக நெருக்கமானது என்று ஃபிரெட் வாங் குழு 1997-இலேயே காட்டிவிட்டது. அதில் குரங்குக்குப் புற்றுநோய் வருவதில்லை. தொற்று பற்றுகிறதா இல்லையா என்பதை இரத்தத்தில் பார்த்தால் போதும். அறிவியல் வகையிலும் அற வகையிலும் இதுவே மேலானது என்று நினைக்கிறேன். இந்த முறையில் 2020-இல் வந்த ஒரு முடிவு கவனத்துக்கு உரியது. எப்ஸ்டீன்-பார் வைரஸின் மேலுறையில் வேறொரு புரத இணையைப் பிடிக்கும் மனித எதிர்ப்பொருள் ஒன்றை ரீசஸ் குரங்குகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது, அவற்றின் சொந்த வைரஸ் வாய்வழியாகத் தொற்றுவதை அது தடுத்தது. மனித வைரஸுக்கும் ரீசஸ் வைரஸுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. 1985-இன் ஒற்றைப் புரதத்தோடு நிற்காமல் இந்த இணையையும் சேர்த்துத் தடுப்பூசி செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதிடுவதற்கு இதுவே வலுவான ஆதாரம். 2022-இல் மாடர்னா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசியும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நுண்துகள் தடுப்பூசியும் மனிதச் சோதனைக்குள் நுழைந்தன. குழந்தைப் பருவத்திலேயே வைரஸ் தொற்றிவிடும் ஆப்பிரிக்காவில், பர்கிட் லிம்போமா வரும் வயதுக்கு முன் கொடுக்கக்கூடிய ஊசியாக இவற்றில் ஏதாவது தேறுமா என்பதே இந்தத் துறை அடுத்து விடை தேட வேண்டிய கேள்வி.